பச்சைக் கடலும் நம் பங்கும்

காரணமின்றிக் காரியமில்லை என்பது நம் மக்கள் வாக்கு. குருமடத்தில் மெய்யியல் பயின்ற நாள்களில் புனித தோமா அக்குவினாசின் வழிநின்று முதற்காரணம், இரண்டாங்காரணம், கருவிக்காரணம் என்றெல்லாம் வகுத்து மனனம் செய்தோம். தேர்வு முடிந்ததும் அப்பாடம் ஏட்டோடு போயிற்று என்று எண்ணுவோர் உண்டு. ஆயினும் பணிவாழ்வு அதனைத் திரும்பத் திரும்ப நம்முன் கொணர்ந்து நிறுத்துகிறது. தாமிரபரணியின் கரையில், வண்ணார்பேட்டையில் பணியாற்றும் நமக்கு அவ்வாறு எதிர்வந்து நிற்கும் வினா இது: கடல் ஏன் பச்சை நிறம் கொள்கிறது? மீன்கள் ஏன் கூட்டங்கூட்டமாய்ச் செத்துக் கரையொதுங்குகின்றன? இதற்குக் காரணம் யார்?

ஆற்றங்கரையில் இருப்போருக்குக் கடலைப் பற்றிக் கவலை எதற்கு என்று வாசகர் வினவலாம். அவ்வினாவுக்கு விடை தேடுவதே இச்சிறு கட்டுரையின் நோக்கம்.

2019-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். மன்னார் வளைகுடாவில் மண்டபம், பாம்பன், குந்துகால் பகுதிகளில் கடல்நீர் திடீரெனப் பச்சையாயிற்று. கரைக்கு வந்த அலை, பாசி கரைத்த குளத்துநீர்போல் தடித்துக் கிடந்தது. ஓரிரு நாள்களில் பாறை இடுக்குகளில் வாழும் மீன்கள் செத்து மிதந்தன. அருகிலுள்ள சிங்கில் தீவைச் சுற்றிப் பவளப் பாறைகளும் மடிந்தன. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தார் நீரில் மூழ்கி ஆய்ந்து, அவற்றைக் கொன்றது ஆக்சிஜன் பற்றாக்குறையே என எழுதினர். 2008-ஆம் ஆண்டு அக்டோபரிலும் இதே கடற்பரப்பில் இதே துயரம் நிகழ்ந்திருந்தது. மண்டபத்தை அடுத்த வேதாளை, 1549-இல் அருள்பணியாளர் அந்தோணி கிரிமினாலி தம் மக்களுக்காக உயிர்நீத்த மண் என்பதை நம்மில் பலர் அறிவோம். நம் விசுவாச வரலாற்றின் தொட்டில்களில் ஒன்று அக்கடற்கரை.

மீனவர் இதனைப் 'பூங்கோரை' என்பர். எத்துணை அழகிய பெயர்! அறிவியலார் இட்ட பெயர் நாக்டிலூகா சிண்டிலன்ஸ். குருமடத்தில் இலத்தீன் கற்றோருக்கு அப்பெயரின் பொருள் விளங்கும். இரவில் ஒளிர்வது, மின்னுவது என்பது அதன் கருத்து. கடுகினும் சிறிய ஒற்றை உயிரணு அது. அலை அசைக்கும்போது நீல ஒளி சிந்தும். அதே 2019-இல், ஆகஸ்டு மாதத்து இரவொன்றில் சென்னைக் கடற்கரையில் அலைகள் நீலமாய் மின்னியதைக் காண மக்கள் திரண்டனர். அங்கு வேடிக்கையாய்த் தோன்றிய அதே உயிர்தான், சில வாரங்களில் தெற்கே மீன்களின் சாவாயிற்று.

இவ்வுயிர் எவ்வாறு கொல்கிறது? பாம்பைப்போல் நஞ்சு கக்கிக் கொல்வதன்று இதன் வழக்கம். கடல்நீரில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகளை விழுங்கி இது பெருகும். நமது வெப்பக் கடலில் வாழும் வகை, தன் உடலுக்குள்ளேயே ஒரு பச்சைப் பாசியையும் குடிவைத்திருக்கும். கடல் பச்சையாய்த் தெரிவது அதனாலேயே. பெருகிப் பெருகி நீர்ப்பரப்பை மூடும்; உடலில் அம்மோனியாவைச் சேர்த்துவைக்கும். இரை தீர்ந்ததும் ஒருசேர மடியும். மடிந்த அக்கோடானுகோடி உயிரணுக்கள் அழுகும்போது, அழுகச் செய்யும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள ஆக்சிஜனைக் குடித்துவிடும். நீந்தத் தெரிந்த மீன் சில தப்பி ஓடும். பாறையை வீடாகக் கொண்ட மீனும், இடம்பெயர இயலாத பவளமும் மூச்சுத்திணறி மாயும். மூடிய விரிகுடாவும் தீவுகளுக்கிடையே சிக்கிய ஆழமற்ற கடலும் இதற்கு முதற்பலி ஆகின்றன. புதுநீர் உள்ளே வந்து கலக்க அங்கு வழி குறைவு.

நஞ்சே உண்டாக்கும் பாசிகளும் வேறு உள. 1997-ஆம் ஆண்டு செப்டம்பரில் கேரளத்து விழிஞ்ஞத்தில் சிப்பி இறைச்சி உண்டவர்களில் 7 பேர் இறந்தனர். நுண்பாசியின் நஞ்சு சிப்பியில் சேர்ந்து, சிப்பி வழியே மனிதரைச் சென்றடைந்தது. சிப்பிக்கு அதனால் தீங்கில்லை, உண்டவருக்கே கேடு.

இனிக் காரணத்திற்கு வருவோம். இங்கே அறநெறி இறையியல் கற்பிக்கும் வேறுபாடு ஒன்று நமக்குத் துணைசெய்கிறது. பாவம் வேறு, பாவத்திற்கு ஏதுவான சந்தர்ப்பம் வேறு. தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்து கடல் அடங்கும் செப்டம்பர், அக்டோபர் மாதங்கள், வெயில், சூடேறிய மேல்நீர், பாசியைக் கரையோரம் ஒதுக்கும் நீரோட்டம். இவையெல்லாம் சந்தர்ப்பம். இவை மனிதன் பிறக்குமுன்பே இருந்தன. நுண்பாசி பெருகுவதும் இயல்பே. அஃதில்லையேல் சாளை மீனுக்கு இரையில்லை, சாளை இல்லையேல் சீலாவுக்கு இரையில்லை. இறைவன் படைத்த கடலின் அன்றாட உணவு அது. அவ்வுணவு அளவுமீறிப் பெருகுதற்கு வேண்டிய ஊட்டம் எங்கிருந்து வருகிறது என்பதே நாம் ஆராயவேண்டுவது.

அவ்வூட்டத்தின் பெயர் நம் உழவருக்கு மனப்பாடம்: தழைச்சத்து, மணிச்சத்து. வயலில் நெல்லை வளர்க்கும் அதே சத்து கடலில் பாசியை வளர்க்கிறது. கடலின் அடியாழத்திலிருந்து மேலெழும் குளிர்நீரும் அச்சத்தைக் கொணரும், அது இயற்கை. நிலத்திலிருந்து ஆறும் ஓடையும் சாக்கடையும் சுமந்து சேர்ப்பது மற்றொரு பங்கு. அது நம் கைவேலை. உலகெங்கும் கடந்த நூறாண்டில் பெருகியது இந்த இரண்டாவது பங்கே. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து உரமாக்கும் தொழிற்சாலை 1913-இல் ஜெர்மனியில் முதன்முதல் இயங்கத் தொடங்கியது. அதனால் பசி தணிந்தது. கோடிக்கணக்கானோர் உண்டு உயிர் வாழ்கின்றனர். அது நன்மையே. ஆனால் அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் பாட்டிமார் சொல்லிவைத்தது, அக்குவினாஸ் அளவுடைமை என்னும் நற்பண்பைப் பற்றிச் சொன்னதற்குச் சற்றும் குறைந்ததன்று. மன்னார் வளைகுடா மீன்களின் கதையில் வியப்பானது இதுவே: அவை பட்டினியால் சாகவில்லை, கடல் அளவுமீறி ஊட்டப்பட்டதால் செத்தன.

நம் ஆற்றைச் சற்று நோக்குவோம். பொதிகையில் பிறந்து, ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது தாமிரபரணி. எட்டு அணைக்கட்டுகள் வழியே ஏறத்தாழ 86,000 ஏக்கர் நிலத்தை நனைக்கிறது. கார், பிசானம் என இருபோகம். வயலில் இட்ட தழைச்சத்தில் பாதிக்கும் குறைவாகவே நெற்பயிர் எடுத்துக்கொள்கிறது. எஞ்சியது காற்றில் போவது போக, வடிகாலில் இறங்கி மீண்டும் ஆற்றுக்கு வருகிறது. நமக்கு அறிமுகமான முதிய உழவர் ஒருவரிடம் இதுபற்றிப் பேசினோம். அவர் மறைக்காமல் சொன்னார்: "சாமி, பக்கத்து வயக்காரன் ரெண்டு மூடை போட்டா நாம ஒரு மூடையோட நிறுத்த முடியுமா? நம்ம பயிர் மட்டும் வெளுத்துக் கெடந்தா ஊரே சிரிக்கும்லா!" இதில் பேராசையைவிட ஊர்ப்பேச்சுக்கு அஞ்சும் அச்சமே மிகுதி. யூரியாவின் விலை மானியத்தால் மலிவாயிருப்பதும் அந்த அச்சத்திற்குத் துணைபோகிறது. மலிவானதை அளந்து இடுவோர் யார்?

வயலுக்கு அடுத்தது வீடு. வண்ணார்பேட்டை என்னும் பெயரே இவ்வூர் எதற்காக வாழ்ந்தது என்பதைச் சொல்லும். ஊராரின் அழுக்கைத் தம் உழைப்பால் போக்கிய மக்களின் பெயர் தாங்கிய ஊர் இது. அன்று உவர்மண் கரைத்த நீரில் துணியை நனைத்து, வெள்ளாவி வைத்து, ஆற்றுப் பாறையில் அடித்து வெளுத்தனர். ஆண்டவரின் தோற்றமாற்றத்தைச் சொல்லவந்த மாற்கு நற்செய்தியாளர், அவருடைய ஆடையின் வெண்மைக்கு ஒப்பாகச் சலவைத் தொழிலாளரையே நினைவுகூர்கிறார் என்பது நம் கவனத்திற்குரியது. இன்று அத்தொழில் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் புகுந்துவிட்டது. உவர்மண்ணின் இடத்தில் பலவகைச் சலவைத்தூள் வந்துள்ளது. அவற்றில் பல மணிச்சத்தைச் சுமந்தவை. நுரை மிகுந்தால்தான் துணி வெளுக்கும் என்னும் எண்ணத்தில் அள்ளிக் கொட்டுகிறோம். துணியில் தங்காத அது தண்ணீரோடு போகிறது.

வீட்டுக்கு அடுத்தது சாக்கடை. ஊட்டத்தின் ஒரு பங்கு இதன் வழியேயும் செல்கிறது. மனிதக் கழிவு தழைச்சத்தும் மணிச்சத்தும் நிறைந்தது. சுத்திகரிக்கப்படாத கழிவுநீர் ஓடைகள் நெல்லை நகர எல்லைக்குள் பல இடங்களில் ஆற்றில் கலப்பது ஊரறிந்த செய்தி. உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நீதிபதிகள் 2024-ஆம் ஆண்டு நேரில் வந்து ஆற்றங்கரைகளைப் பார்வையிடும் அளவுக்கு அது வளர்ந்துவிட்டது. 2023 டிசம்பர் பெருவெள்ளத்தின்போது ஆறு வண்ணார்பேட்டைத் தெருக்களுக்குள் வந்தது. நாம் ஆற்றுக்குள் விட்டதையெல்லாம் அது ஒருமுறை நம் வாசலில் கொணர்ந்து காட்டிவிட்டுப் போயிற்று. வெள்ளம் வடிந்தபின் சேற்றை வாரியவர்கள் அதன் நாற்றத்தை மறந்திருக்கமாட்டார்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடவேண்டும். 2019-இல் குந்துகாலில் மடிந்த மீன்களை வண்ணார்பேட்டைச் சாக்கடை கொன்றது என்று நாம் கூறவில்லை. புன்னைக்காயலுக்கும் மண்டபத்திற்கும் இடையே நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடல் உண்டு. இன்ன ஊரின் இன்ன துளி இன்ன மீனைக் கொன்றது என எவராலும் சுட்டிக்காட்ட இயலாது. ஆனால் நம் ஆறு கலப்பதும் அதே வளைகுடாவில்தான். நாம் அனுப்புவதும் அதே ஊட்டந்தான். துளியைச் சுட்ட இயலாது என்பதே இப்பாவத்தின் தந்திரம். குற்றம் எல்லாருக்கும் பங்கிடப்பட்டதால் எவருக்கும் உறுத்தவில்லை.

ஆன்ம சோதனைக்கெனப் பங்குகளில் வழங்கும் சிறு கையேடுகளைப் புரட்டிப் பாருங்கள். பொய் உண்டு, களவு உண்டு, கோபம் உண்டு. அளவுக்கு மிஞ்சி உரமிட்டேனா, என் வீட்டுக் கழிவு எங்கே போகிறது என்று கேட்டேனா என்னும் வினா இல்லை. புனித இரண்டாம் யோவான் பவுல் 1984-இல் வெளியிட்ட 'ஒப்புரவும் தவமும்' என்னும் திருத்தூது ஊக்கவுரையில், சமூகப் பாவம் என்பது தனியாள்களின் பாவங்கள் பல திரண்டு உருவாவதே என விளக்கினார். அமைப்பைக் குறைகூறித் தனியாள் தப்பிக்கவும் கூடாது. தனியாளை மட்டும் குறைகூறி அமைப்பை விட்டுவிடவும் கூடாது. இப்போதனைக்குப் பூங்கோரையைவிடப் பொருத்தமான உவமை நமக்குத் தெரியவில்லை. ஒற்றை உயிரணு எவரையும் கொல்வதில்லை. திரண்டால் கடலே மூச்சற்றுப் போகிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வழங்கிய 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலில், உரங்களால் விளையும் கேட்டையும் பவளப் பாறைகளின் அழிவையும் பெயர்சொல்லிக் குறிப்பிட்டது தற்செயலன்று. ஏழையின் அழுகுரலும் பூமியின் அழுகுரலும் ஒன்றே என்பது அவரது கருத்து.

அந்த ஏழை யார்? புன்னைக்காயல் சென்றிருந்தபோது வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவருடன் பேசிக்கொண்டிருந்தோம். எந்த ஊர் என்று வினவினார்; சொன்னோம். சிரித்தார். "மேல நீங்க கழுவி விடுறதெல்லாம் கடைசில எங்க வாசலுக்குத்தான் சாமி வருது. ஆத்துக்கு மடை இருக்கு, அடைச்சிக்கிடலாம். கடலுக்கு மடை ஏது?" என்றார். அவர் குரலில் கோபமில்லை. அதுவே நம்மை அதிகம் வருத்தியது. 1542-இல் புனித பிரான்சிஸ் சவேரியார் கால்பதித்ததும், அவருக்குப்பின் அண்ட்ரிக் அடிகளார் தமிழ் கற்று நெடுங்காலம் உழைத்ததும் அந்தக் கடற்கரையில்தான். விசுவாசத்தில் அம்மக்கள் நமக்கு மூத்தவர்கள். கடலோரம் வேரூன்றிய விசுவாசம் உள்நாடு நோக்கி மேலேறி வந்தது. அதற்குக் கைம்மாறாக ஆற்றுவழியே நாம் கீழே அனுப்புவது என்ன?

விடுதலைப் பயண நூலில் நைல் ஆறு இரத்தமாக மாறுகிறது; மீன்கள் சாகின்றன; ஆறு நாறுகிறது; மக்கள் குடிநீருக்காக ஆற்றோரம் தோண்டுகிறார்கள். செம்மண்ணோ சிவந்த பாசியோ அதற்கு இயற்கைக் காரணமாய் இருந்திருக்கலாம் என்று கருதும் விவிலிய அறிஞர் உளர். இருந்தாலும் விசுவாசத்திற்கு இழுக்கில்லை. இரண்டாங்காரணங்கள் வழியாகவே முதற்காரணர் பெரும்பாலும் செயல்படுகிறார். நம் சிந்தைக்குரியது வேறொன்று. ஆறு நாறியபோதும் பார்வோன் அதைப் பொருட்படுத்தாது தன் அரண்மனைக்குள் திரும்பிச் சென்றான். கிணறு தோண்டியவர்கள் சாதாரண மக்கள். இதயக் கடினம் என்று விவிலியம் சொல்வது இதைத்தான்.

மனம் திரும்பினால் கடலும் திரும்பும் என்பதற்குச் சான்றுண்டு. ஜப்பானில் செத்தோ உள்கடல் என்றொரு கடல், தீவுகளுக்கிடையே அடைபட்டது. 1972-இல் அங்கே செம்பாசி பெருகி, பண்ணைகளில் வளர்த்த மீன்கள் ஏறத்தாழ 1 கோடியே 40 இலட்சம் செத்தன. மறு ஆண்டே அந்நாடு அக்கடலைக் காக்கத் தனிச்சட்டம் இயற்றியது. ஆலைக்கழிவையும் நகரக்கழிவையும் கட்டுப்படுத்தியது. 1976-இல் 299 முறை தோன்றிய செம்பாசி, பின்வந்த ஆண்டுகளில் பாதிக்கும் கீழே குறைந்தது. இக்கதைக்கு இன்னொரு முடிவும் உண்டு. ஊட்டம் மிகவும் குறைந்துபோய், அங்கு வளர்க்கும் உணவுப்பாசி நிறம் வெளுக்கத் தொடங்கவே, ஓரளவு ஊட்டத்தை விட்டுவைக்கும்படி சட்டத்தைத் திருத்தினர். கடல் கேட்பது முழுப் பட்டினியை அன்று, அளவை.

அளவுக்குத் திரும்பும் வழி நமக்குத் தெரியாததன்று. மண்ணைப் பரிசோதித்து உரமிடல். இலையின் பச்சையை வண்ண அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தேவையானபோது மட்டும் யூரியா இடல். கொழிஞ்சி, தக்கைப்பூண்டு, ஆவாரை என நம் தந்தையர் மிதித்து உழுத தழையுரத்தை மீட்டல். சலவைத்தூளை அளந்து போடல். ஆற்றில் கழிவு கலக்கும் இடத்தை அறிந்து, உரியவர்களிடம் சலிக்காமல் மனுக்கொடுத்தல். புன்னைக்காயல், பழையகாயல் முகத்துவாரங்களில் ஊட்டத்தை வடிகட்டித் தரும் அலையாத்தி மரங்களைக் காத்தல். இவற்றுள் ஒன்றும் வீரச்செயல் அன்று. சிறுசிறு பாவங்கள் திரண்டு வந்த கேட்டுக்குச் சிறுசிறு பரிகாரங்கள் திரண்டே மருந்தாகவேண்டும்.

இறுதியாக, எசேக்கியேல் நூலின் 47-ஆம் அதிகாரத்தை இல்லந்தோறும் ஒருமுறை அமைதியாக வாசிக்க வேண்டுகிறோம். கோவிலின் வாயிற்படியின் கீழிருந்து நீர் சுரந்து, கிழக்கு நோக்கி ஓடி, ஆறாகப் பெருகி, உயிரற்ற கடலில் கலந்து அதனை நலமாக்குகிறது. மீன் பெருகுகிறது; மீனவர் கரையெங்கும் வலை விரிக்கின்றனர். நமது ஆறும் கிழக்கு நோக்கியே ஓடுகிறது. அதன் முடிவிலும் கடல் உண்டு. வலையோடு காத்திருக்கும் மீனவரும் உளர். நம் ஆலயத்தின் வாயிற்படியின் கீழிருந்து இன்று ஓடுவது என்ன நீர்? திருவிழா முடிந்து, அசன விருந்தின் அண்டாக்களைக் கழுவிய நீர் எவ்வழியே போகிறது? வரும் திருவிழாவுக்குக் கொடியேற்றுமுன் ஒவ்வொரு பங்குப் பேரவையும் இவ்வினாவைக் கூட்டத்தில் எழுப்பி, வளாகத்துக்குள்ளேயே ஓர் உறிஞ்சுகுழியாவது தோண்டட்டும். அதைத் தோண்டும் இளைஞருக்கு எசேக்கியேலின் அப்பகுதியை வாசித்துக் காட்டுங்கள். எதற்காகத் தோண்டுகிறோம் என்பது அவர்களுக்கு விளங்கும்.